பெரும்பாடு: பெண்நோய்ச் சொற்களின் வரலாறும் நீலசந்திராத் தமிழும்

பெங்களூருவின் பழைய கண்டோன்மென்ட் பகுதியின் தென்கிழக்கு விளிம்பில், ஆஸ்டின் டவுன், விவேக் நகர், ஆனேபாளையம் ஆகியவற்றை ஒட்டி அமைந்தது நீலசந்திரா. இவ்வூர்ப் பெயரின் ஈறு கன்னடத்தில் 'சந்த்ர' என்பது. ஏரியைக் குறிக்கும் 'சமுத்திர' என்னும் சொல்லின் மரூஉ அது. பொம்மசந்திரா, சிங்கசந்திரா என்னும் ஊர்ப்பெயர்களிலும் அதுவே உள்ளது. தமிழர் செவியிலோ ஏரி நிலவாயிற்று. பொருள் அறியப்படாத சொல் தன்னோடு ஒலியொத்த வேறொரு சொல்லின் பொருளை ஏற்பது மொழிகளில் இயல்பாக நிகழ்வதே. ஊர்ப்பெயரில் இம்மாற்றத்தால் எவருக்கும் இழப்பில்லை. நோய்ப்பெயரில் நிகழும்போது இழப்பு உண்டு. பெண்டிரின் உடல்நலம் குறித்த தமிழ்ச் சொற்கள் காலந்தோறும் அடைந்த மாற்றத்தையும், நீலசந்திரா போன்ற பன்மொழிக் குடியிருப்பில் அம்மாற்றம் விளைத்த இடர்ப்பாட்டையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

அவையல் கிளவி

பெண்ணுடல் பற்றிப் பேசத் தமிழர் என்றுமே நாணினர் என்னும் கருத்து பரவலாக உள்ளது. பழைய நூல்கள் இதற்குச் சான்று பகரவில்லை. தொல்காப்பியக் கற்பியல், பரத்தையிற் பிரிந்த தலைவனாயினும் தலைவியின் பூப்பை அடுத்த பன்னிரண்டு நாளும் அவளை விட்டு விலகியிருத்தல் அறமாகாது என விதிக்கின்றது. அது கருத்தரித்தற்குரிய காலம் என்பதை உரையாசிரியர் விளக்குவர். இல்லறத்தின் அறநெறியாகவே ஓர் இலக்கண நூல் இதனைக் கூறுவது குறிப்பிடத்தக்கது. அந்நூலின் உரியியல் வேறு இரு சொற்களுக்கும் பொருள் தருகின்றது. ஒன்று 'வயா', மிகுந்த வேட்கை என்பது அதன் பொருள். மற்றொன்று 'புனிறு'; ஈன்றதை அடுத்த அண்மைக் காலம் என்பது அதன் பொருள். சூலுற்ற மகளிர் மண்ணை உண்ண விரும்புதலைப் புறநானூற்று 20ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார் எடுத்தாள்கின்றார். சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் நாட்டு மண்ணை உண்பவர் அவன் நாட்டு வயாவுற்ற மகளிரேயன்றிப் பகைவர் அல்லர் என்பது அப்பாடலின் நயம். வேந்தன் அவையில், அவனைப் புகழும் பாடலில், சூலுற்ற பெண்ணின் உடற்குறி ஒன்று இடம்பெற்றுள்ளது.

விலக்கும் அக்காலத்தே இருந்தது. மாதவிடாய்க் காலத்துப் பெண்டிர் முருகன் கோயிற் கலங்களைத் தீண்டாது ஒதுங்கி நிற்றலைப் புறநானூற்று 299ஆம் பாடல் உவமையாக்குகின்றது. ஆயின் வழக்கம் இருந்தது என்பது வேறு. அவ்வழக்கமே பெயரானது என்பது வேறு. 'பூப்பு' என்னும் சொல்லில் விலக்கு இல்லை.

அவையில் கூறத்தகாத சொற்களை மறைத்துக் கூறுக என்னும் விதியைத் தொல்காப்பிய எச்சவியல் வகுக்கின்றது. பிற்காலத்தே நன்னூல் இதனை இடக்கரடக்கல் எனப் பெயரிட்டு, மங்கலம், குழூஉக்குறி ஆகியவற்றோடு தகுதி வழக்கில் அடக்கிற்று. இவ்விதியை அனைவரும் அறிவர். இதனை அடுத்து வரும் நூற்பாவைப் பலர் நினைவுகூர்வதில்லை. வழக்கில் மருவி நிலைபெற்றுவிட்ட சொற்களை மறைக்க வேண்டுவதில்லை என்பது அதன் கருத்து. சேனாவரையர் முதலியோர் அவ்வாறே உரை கண்டனர். மறைத்தல் முடிவற்ற கடமையன்று என்பதை இலக்கணியர் உணர்ந்திருந்தனர் எனலாம். ஒரு சொல் பலகால் வழங்கி இயல்பாகிவிட்டால் அதன் கூச்சம் தேய்ந்துவிடுகின்றது. பெண்நலச் சொற்களில் இதற்கு மாறான போக்கே நிகழ்ந்தது. கூச்சம் தேய இடந்தராமல், பழகிய சொல் ஒவ்வொன்றும் கைவிடப்பட்டுப் புதிய மறைப்புச் சொல் அவ்விடத்தில் வந்தமர்ந்தது.

தொலைவைச் சுட்டும் சொற்கள்

இக்காலப் பேச்சு வழக்கில் மாதவிடாயைக் குறிக்கும் சொற்களைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். தூரம், வீட்டுக்கு விலக்கு, ஒதுங்கியிருத்தல், வெளியே இருத்தல், சில பிரிவினரிடையே வழங்கும் பகிஷ்டை ஆகிய அனைத்தும் இடத்தைச் சுட்டுவன. பெண்ணின் உடலில் என்ன நிகழ்கின்றது என்பதை இவற்றுள் ஒன்றும் கூறவில்லை. அவள் எங்கே இருக்கின்றாள் என்பதையே கூறுகின்றன. 'தீட்டு' தொடுதலைச் சுட்டுகின்றது. 'சூதகம்' வடமொழியில் பிள்ளைப்பேற்றால் வரும் தீட்டைக் குறித்துப் பின்னர் மாதவிடாய்க்கு ஏறிய சொல். எழுத்துத் தமிழில் செல்வாக்குப் பெற்ற 'மாதவிலக்கு' என்பதும் இவ்வகையினதே. 'மாதவிடாய்' ஒன்றே விதிவிலக்கு. விடாய் என்பது தளர்ச்சி, வேட்கை. அச்சொல் மட்டுமே அப்பெண் உணர்வதைக் கூறுகின்றது.

கன்னடத்திலும் நிலைமை இதுவே. அங்கு 'முட்டு' என்பது தொடுதலையும் மாதவிடாயையும் ஒருங்கே குறிக்கும். தமிழிலும் இச்சொல் இப்பொருளில் உண்டு. மதுரை மாவட்டத்தின் சில சிற்றூர்களில் அந்நாள்களில் பெண்டிர் தங்கும் தனி அறை இன்றும் 'முட்டு வீடு' என வழங்கப்படுகின்றது. திராவிட மொழிகளின் பொதுச் சொத்தான இச்சொல்லை நகரத் தமிழர் மறந்தனர். பெங்களூருவில் அதனைக் கன்னடச் சொல்லெனவே கருதுகின்றனர்.

சொற்களின் பரவல் ஒரே சீராக இல்லை என்பதும் நோக்கத்தக்கது. முதற்பூப்புக்குத் தமிழில் உள்ள சொற்கள் மிகப்பல: பெரியவளாதல், ஆளாதல், சமைதல், திரளுதல், குத்தவைத்தல், வயதுக்கு வருதல், சடங்காதல், ருதுவாதல். இலங்கைத் தமிழர் சாமத்தியப்படுதல் என்பர். இவை மறைப்புச் சொற்களல்ல. பந்தலிட்டு, அழைப்பிதழ் அச்சிட்டு ஊரறியக் கூறப்படுவன. அடுத்த மாதத்திலிருந்து நாற்பது ஆண்டுக் காலத்துக்குத் தொலைவுச் சொற்கள் மட்டுமே. மாதவிடாய் முற்றும் நின்றுபோகும் பருவத்துக்கு மக்கள் வழக்கில் தனிப்பெயர் இல்லை. 'நின்றுவிட்டது' என்னும் வினையே பெயரின் வேலையைச் செய்கின்றது. திருமணச் சந்தையில் ஒரு பெண் நுழைவதற்குச் சமூகம் எட்டுப் பெயர் வைத்தது. அவள் பிள்ளைபெறும் பருவத்தைக் கடப்பதற்கு ஒன்றும் வைக்கவில்லை. எஞ்சிய நோய்களுக்கும் ஏறத்தாழ அதே நிலைதான், ஒன்றைத் தவிர.

பெரும்பாடு என்னும் சொல்

அவ்வொன்று 'பெரும்பாடு'. அளவிறந்தும் நாள் கடந்தும் செல்லும் உதிரப்போக்கைச் சித்த மருத்துவம் இப்பெயரால் வழங்கிற்று. இயல்பான மாதவிடாயினின்று அதனை வேறுபடுத்தித் தனி நோயாகக் கொண்டது. வாதம், பித்தம், ஐயம் என்னும் குற்றங்களுக்கேற்ப அதனை வகைப்படுத்திற்று. அசோக மரப்பட்டை முதலியவற்றை மருந்தாகக் கூறிற்று. மருந்தின் பயன் குறித்த ஆராய்ச்சி இங்கு வேண்டுவதில்லை. இயல்பானது இன்னது, நோயானது இன்னது எனப் பிரித்துக் காட்டும் ஒரு சொல் தமிழில் இருந்தது என்பதே மொழியியலார்க்கு முதன்மையானது.

கிறித்தவ மறைநூலின் மொழிபெயர்ப்பாளர் இச்சொல்லை எடுத்தாண்டனர். பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கால் துன்புற்று, மருத்துவரிடம் பொருளையெல்லாம் இழந்து, இயேசுவின் ஆடையைத் தொட்டு நலம்பெற்ற பெண்ணின் வரலாறு நற்செய்தி நூல்களில் வருகின்றது. ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் திருத்தமாக 1871இல் வெளிவந்து, சீர்திருத்தக் கிறித்தவர் இன்றுவரை ஓதும் மொழிபெயர்ப்பில் அப்பெண் பெரும்பாடு உடையவளாகக் கூறப்படுகின்றாள். லேவியராகமம் 15ஆம் அதிகாரத்தின் விதிகளில் வருவன சூதகமும் விலக்கமும். நற்செய்தியில் வருவது பெரும்பாடு. சடங்குச் சொல்லுக்கும் நோய்ச் சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை அம்மொழிபெயர்ப்பாளர் நன்கு அறிந்திருந்தனர் என்பது இதனால் தெளிவாகும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய 'திருவிவிலியம்' அதே இடத்தில் 'இரத்தப்போக்கு' என்று கூறுகின்றது. எளிமை கருதிச் செய்த மாற்றம் அது. ஆயின் இரத்தப்போக்கு மூக்கிலிருந்தும் வரும், வெட்டுக்காயத்திலிருந்தும் வரும்.

மாற்றத்துக்கான காரணத்தைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பெரு, பாடு என்னும் உறுப்புகளால் ஆன இச்சொல்லுக்குப் பெருந்துன்பம் என்னும் பொதுப்பொருள் என்றும் இருந்தது. "பெரும்பாடு பட்டு வளர்த்தேன்" என்பது ஒவ்வொரு தாயின் வாயிலும் வரும் தொடர். பொதுப்பொருள் பேச்சில் ஓங்க, சிறப்புப்பொருள் ஏட்டில் ஒடுங்கிற்று. தமிழ் ஓதும் ஆலயத்தில் இன்று இப்பகுதியைக் கேட்கும் பெண், ஏதோ பெருந்துயருற்ற ஒருத்தியின் கதையாக அதனைக் கொள்கின்றாள். தனக்கும் வரக்கூடிய ஒரு நோயின் பெயர் அது என்று அவளுக்குத் தோன்ற வாய்ப்பில்லை.

ஆண்கள் எழுதிய பேறுகால நூல்

மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் தந்த முன்னோடி சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த இவ்வமெரிக்க மருத்துவர் மானிப்பாயில் மருத்துவப் பள்ளி நடத்தினார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். அவருடைய முதல் நூல்களுள் ஒன்று 1857இல் வெளிவந்த பேறுகால மருத்துவ நூல். மான்செல் என்பார் எழுதியதன் மொழிபெயர்ப்பு. அறுவை மருத்துவ நூலாகிய 'இரண வைத்தியம்' 1867இலும், உடற்கூற்று நூலாகிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் பின்தொடர்ந்தன. தமிழில் வழங்கும் சொல்லை முதலில் தேடுவது, கிடைக்காவிடில் வடமொழியை நாடுவது, அதுவும் இன்றேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் தருவது என்பது அவர் கைக்கொண்ட முறை. இருபதாம் நூற்றாண்டுக் கலைச்சொற் குழுக்கள் பலவும் இவ்வளவு தெளிவான முறையைக் கொண்டிருக்கவில்லை. ஆயினும் ஒரு குறை. கிறீனிடம் பயின்றோர் ஆடவர். அக்காலத்தே யாழ்ப்பாணத்தில் பிள்ளைப்பேறு பார்த்தவரோ மருத்துவச்சியர். தேடப்பட்ட தமிழ், ஏட்டிலிருந்து எடுத்த தமிழாகவே பெரும்பாலும் இருந்தது. 1873இல் கிறீன் நாடு திரும்பிய பின் அம்முயற்சி தளர்ந்தது.

ஆண் மருத்துவர் பெண்நோயைக் கேட்டறிய இயலாமையே மகளிர் மருத்துவமனைகளின் தோற்றத்துக்குக் காரணம். சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1885இல் சென்னையில் கோஷா மருத்துவமனை தோன்றிற்று. பெங்களூரு சிவாஜி நகரில் ஹாஜி சர் இஸ்மாயில் சேட்டின் கொடையால் எழுந்த மருத்துவமனையும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றே இன்றும் மக்களால் அழைக்கப்படுகின்றது. திரைக்குப் பின் இருப்பவர்க்கான மருத்துவமனை என்பது அதன் பொருள். ஆண் மருத்துவரை ஏற்காது பேறுகாலத்தில் ஒரே இரவில் மாண்ட மூன்று பெண்களின் நினைவே ஐடா ஸ்கட்டரை மருத்துவம் பயிலத் தூண்டி, பெங்களூருத் தமிழர் பலரின் பூர்வீகமான வட ஆர்க்காட்டின் வேலூரில் 1900இல் பணி தொடங்கச் செய்தது. திரையை விலக்கும் பணியைப் பெண் மருத்துவர் ஏற்றனர். சொல்லின் திரை விலகியதா என்பது வேறு வினா.

அரசு பெயரிட்டவை

1930இல் மைசூர் அரசு தன் மருத்துவமனைகளில் கருத்தடை ஆலோசனை நிலையங்களைத் தொடங்க ஆணையிட்டது. உலகில் ஓர் அரசே இதனை மேற்கொண்டது அதுவே முதன்முறை என்பர். கண்டோன்மென்ட் அப்போது பிரித்தானியர் நிருவாகத்தில் இருந்தமையால் அவ்வாணையின் எல்லைக்குப் புறத்தே நின்றது. சென்னையில் 1928இல் புது மால்தூசியர் கழகம் தோன்றியிருந்தது. 1930களில் பெரியார் 'குடி அரசு' இதழில் 'கர்ப்பத்தடை' என்று தலைப்பிட்டே எழுதினார். மக்கட்பெருக்கம் பற்றிக் கவலைப்பட்ட ஏனையோரிடமிருந்து விலகி, பெண்ணின் விடுதலைக்கும் உடல்நலத்துக்கும் கர்ப்பத்தடை வேண்டும் என அவர் வாதிட்டார். மறைத்துக் கூறாமையே அவ்வெழுத்தின் வலிமை.

விடுதலைக்குப் பின் அரசின் திட்டம் தமிழுக்குப் புதுச்சொற்களை வாரி வழங்கிற்று. குடும்பக் கட்டுப்பாடு, 1965இல் வந்த லூப்பு, 1968இல் வந்த நிரோத், பின்னர் காப்பர்-டி, மாலா-டி. 'ஆபரேஷன்' என்னும் பொதுச்சொல் பெண்டிரிடையே கருத்தடை அறுவையையே குறிக்கலாயிற்று. நெருக்கடி நிலைக் கொடுமைகளுக்குப் பின் 1977இல் துறையின் பெயர் 'குடும்ப நலம்' ஆயிற்று. பிறப்பைத் தடுத்தல் அரசுக்கு வேண்டியிருந்தது. அதற்குரிய சொற்கள் சுவரெங்கும் எழுதப்பட்டன. நோய்களுக்கு அவ்வாறு எவரும் சுவரில் எழுதவில்லை. மாதவிடாய்த் துணியடை வழங்கும் அண்மைக்காலத் திட்டங்களின் பெயர்களும் இதற்குச் சான்றாகும். தமிழ்நாட்டில் 2011-12இல் தோன்றிய திட்டம் 'புதுயுகம்'. கர்நாடகத்தில் 2013-14இல் தோன்றியது 'சுசி', அதாவது தூய்மை. முன்னது ஒன்றும் கூறவில்லை. பின்னது பழைய தீட்டையே மறுதலையாகக் கூறுகின்றது.

நீலசந்திராவில் ஒரு சொல்லும் பல நோயும்

நீலசந்திராத் தமிழ்ப் பெண்ணின் அண்டைவீட்டார் தக்கினி உருதும் கன்னடமும் தெலுங்கும் பேசுவர். அருகிலுள்ள மாநகராட்சி மகப்பேறு மனையில் அறிவிப்புகள் கன்னடத்தில் உள்ளன. மருத்துவச் சீட்டு ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. சில சொற்கள் எளிதில் விளங்கும். கருவுற்றோர்க்கு வழங்கப்படும் 'தாயி கார்டு' என்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. சூலைக் குறிக்கும் கன்னட 'பசிரு' தமிழ் 'வயிறு' என்பதன் இனச்சொல்லே. இடர்ப்பாடு மறைப்புச் சொற்களில்தான். "முழுகாமல் இருக்கிறேன்" என்று தமிழ்ப்பெண் கூறினால் கருவுற்றிருக்கின்றாள் என்று தமிழர் அறிவர். தமிழைப் பயின்று பேசும் பிறமொழி மருத்துவர் அவள் குளிக்கவில்லை என்று கொள்ள இடமுண்டு. வெள்ளைப்படுதலைக் கன்னடர் 'பிளி செரகு' என்பர். செரகு என்பது சேலையின் முந்தானை. உருதுவில் அது 'சஃபேத் பானி', வெண்ணீர். மூன்று மொழியும் நிறத்தை மட்டும் கூறி அமைகின்றன.

இந்த ஒரு பெயரின்கீழ் அடங்குவன எத்தனை! மாதத்தின் நடுவில் இயல்பாக வரும் கசிவு நோயன்று, மருந்து வேண்டுவதில்லை. பூஞ்சைத் தொற்று அரிப்பைத் தரும். பால்வினைத் தொற்றாயின் கணவனுக்கும் சேர்த்து மருத்துவம் செய்தல் வேண்டும். துர்நாற்றமும் குருதிக் கலப்பும் உடையதாயின் கருப்பைவாய்ப் புற்று உண்டோ என ஆராய்தல் வேண்டும். உடற்சூடு என்றும், எலும்பு உருகி வருவதென்றும் கூறும் நாட்டு நம்பிக்கை அனைத்தையும் ஒன்றாக்கிவிடுகின்றது. இதனால் நோயற்றவள் அஞ்சுகின்றாள். நோயுற்றவள் மோர் குடித்து அமைதியடைகின்றாள். மகாராட்டிரத்தின் கட்சிரோலிப் பகுதியில் ராணி பங்கும் குழுவினரும் இரு சிற்றூர்களின் 650 பெண்களை ஆராய்ந்து 1989இல் வெளியிட்ட ஆய்வில், 92 விழுக்காட்டினர்க்கு ஏதேனும் ஒரு பெண்நோய் இருந்தது. அதற்குமுன் அதற்கென ஆராயப்பட்டவர் 8 விழுக்காட்டினரே. வறுமையும் தொலைவும் இதற்குக் காரணங்கள். நோயைச் சொல்ல இயலாமையும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

இதனினும் கொடியது 'தூரம்' என்னும் சொல்லின் விளைவு. மாதவிடாய் நின்று ஆண்டுகள் பல கழிந்தபின் ஒரு பெண்ணுக்கு உதிரம் தோன்றுமாயின் அது காலந்தாழ்த்தாது ஆராயத்தக்க அறிகுறி. கருப்பையிலோ கருப்பைவாயிலோ புற்று இருத்தல் கூடும். அவளோ "மறுபடியும் தூரமாகிவிட்டேன்" என்கின்றாள். இளமை திரும்பியதாக உறவுப்பெண்கள் நகையாடுவதும் உண்டு. சொல் அவளை ஏமாற்றிவிடுகின்றது. நோயைப் பழைய வழக்கத்தின் பெயரால் அழைத்தமையால் அது வழக்கமாகவே தோன்றுகின்றது. பெரும்பாடு என்னும் சொல் வழக்கில் நின்றிருப்பின், இது தூரமன்று, வேறு என்று கூறவேனும் ஒரு பெயர் அவளிடம் இருந்திருக்கும்.

பெங்களூருவில் 1973இல் தோன்றிய கித்வாய் புற்றுநோய் நிலையத்தின் வழி 1982 முதல் நகரத்தின் புற்றுநோய்ப் பதிவேடு பேணப்படுகின்றது. அதன் தொடக்க ஆண்டுகளில் பெண்டிரிடையே முதலிடம் பெற்றது கருப்பைவாய்ப் புற்று. பின்னர் மார்பகப் புற்று அவ்விடத்தைப் பெற்றது. முன்னதாகவே கண்டறிந்தால் காக்கக்கூடிய நோய் இது என்பதற்குச் சான்று தமிழ் மண்ணிலேயே உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களிடையே, அசெட்டிக் அமிலம் தடவிக் கருப்பைவாயைக் கண்ணாற் பார்க்கும் எளிய சோதனை நிகழ்த்தப்பட்டது. செய்தவர் பயிற்சி பெற்ற செவிலியர். 2007இல் வெளியான முடிவுகளின்படி நோய்த் தோற்றம் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன.

சோதனைக்குப் பெண் வருதல் வேண்டும். வருமுன் ஒரு வினா கேட்கப்படுதல் வேண்டும். அவ்வினாவின் சொல்லமைப்பு மருத்துவரும் மொழியியலாரும் கூடிச் செய்யத்தக்க பணி. "தூரம் ஒழுங்காக ஆகிறதா?" என்று கேட்டால் நின்றுபோனவள் இல்லை என்பாள், மீண்டும் தோன்றியவள் ஆம் என்பாள், இரண்டும் செவிலியின் ஏட்டில் இயல்பு என்றே பதிவாகும். "உங்களுக்கு நின்றுபோய் எத்தனை வருஷம் ஆகிறது? அதற்கப்புறம் எப்போதாவது துணியில் இரத்தம் பட்டதா, ஒரு பொட்டளவு ஆனாலும்?" என்று கேட்டால் விடை வேறாகும். இவ்வினாவில் கலைச்சொல் ஒன்றுமில்லை; தூரமும் இல்லை.